பழைய வீட்டைத் திருத்துவதா, வேறிடம் போவதா?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஊர் திரும்பும் வாய்ப்பு வரும்போது முதலில் எழும் கேள்வி இதுதான். பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இருப்பதா? அல்லது வேறு இடம் பார்த்துப் போவதா? இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மேசனைக் கேட்டால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்பார். பிள்ளைகளைக் கேட்டால் பட்டினத்திலேயே இருந்துவிடுவோம் என்பார்கள். வயதான தாய் தகப்பன் கூரை இல்லாவிட்டாலும் எங்கள் வளவே போதும் என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோருடைய நியாயத்தையும் கேட்டு முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு ஓர் ஒழுங்கு தேவை. அந்த ஒழுங்கைப் பற்றியதே இக்கட்டுரை.

பொதுவாக நாம் செய்வது என்ன? ஊருக்குப் போனவுடன் வீட்டின் சுவரைப் பார்க்கிறோம். சுவர் நின்றால் மனம் குளிர்கிறது. சுவர் இடிந்திருந்தால் மனமும் இடிந்துபோகிறது. அந்த இடத்திலேயே முடிவும் எடுத்துவிடுகிறோம். இது சரியான தொடக்கமல்ல. முதலில் காணியின் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அடுத்ததாகத் தண்ணீரையும் வயலையும் பார்க்க வேண்டும். வீட்டின் சுவரைப் பார்ப்பது மூன்றாவதுதான்.

எமது மாவட்டம் கற்றுத் தந்தது

திருகோணமலை மாவட்டத்தில் இக்கேள்வி ஒருமுறை மட்டும் எழுந்ததல்ல. மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள தென்னமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். போர் 2009இல் முடிந்த பின்னரே அவர்கள் திரும்ப முடிந்தது. கால் நூற்றாண்டு காலத்தில் வீடும் வயலும் காடாகியிருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது மூதூர், கிண்ணியா, குச்சவெளிக் கரையோரங்களில் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் அதைத் தளர்த்தினார்கள். இடையில் பல குடும்பங்கள் எதை நம்புவது என்று தெரியாமல் தவித்தன.

சம்பூர்ப் பகுதி மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் 818 ஏக்கர் நிலம் கைத்தொழில் முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. மாற்றுக்காணி தர முன்வந்தபோது பலர் அதை ஏற்கவில்லை. 2015 மே மாதத்தில் அந்த 818 ஏக்கர் ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியும் விடுவிக்கப்பட்டது. திரும்பிச் சென்றவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கே வீடு இருக்கவில்லை. ஆனால் காணி இருந்தது. அந்தக் காணியின் மேல்தான் பின்னர் வீடு எழுந்தது. வீடு போனால் திரும்பக் கட்டலாம். காணி உரிமை போனால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு

வேறு எதையும் பார்க்குமுன் ஒரு சொல். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவுக்குள் தனியாகவும் பிள்ளைகளோடும் நுழைய வேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு அறியுங்கள். பாழடைந்த கிணற்றுக்குள்ளும், இடிபாட்டுக்குள்ளும், பற்றை மூடிய வேலியோரத்திலும் வெடிபொருள் கிடக்கக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து பொலிசுக்கு அறிவியுங்கள். பற்றையை எரித்துத் துப்புரவு செய்வது எளிதாகத் தோன்றும். அதுவே ஆபத்தாகிவிடும்.

காணி யாருடைய பெயரில்?

உங்கள் காணி உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு.

உறுதிக் காணியானால், உறுதி தொலைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பதிவு செய்யப்பட்ட உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், நான்கு எல்லைகள், இவற்றில் எது ஞாபகத்தில் இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு போங்கள். வயது முதிர்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்.

உறுதிக் காணியில் இன்னொரு ஆபத்து உண்டு. எமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, வேறொருவர் உரிமையாளரின் அனுமதியின்றி, அவருக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் ஒரு காணியை ஆண்டு வந்தால் அதற்கு உரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களைக் காக்க 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் அச்சட்டம் இரண்டு ஆண்டு காலத்துக்கென இயற்றப்பட்டது. போர் முடிந்தும் பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டது. ஆகவே உங்கள் காணியில் வேறொருவர் இருப்பாரானால் காலம் கடத்தாமல் சட்டத்தரணியிடம் செல்லுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். உறவினர் ஒருவரை நீங்களே உங்கள் வளவில் குடியிருத்தியிருந்தால், அவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்கும் அது நல்லது, காணிக்கும் நல்லது.

அனுமதிப்பத்திரக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்திரம் தொலைந்தால் பிரதேச செயலகத்திலுள்ள காணிப் பேரேட்டைப் பார்த்து விபரம் பெறலாம். இக்காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. வெறும் கடதாசியில் எழுதிக் கைமாற்றினால் வாங்கியவருக்கும் உரிமை வராது, விற்றவருக்கும் சிக்கல் வரும். நிபந்தனைகளை மீறினால் அறிவித்தல் கொடுத்துப் பத்திரத்தை இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே போர் காரணமாகவே வெளியேறினோம், காணியைக் கைவிடவில்லை என்பதை எழுத்தில் அறிவித்து, அக்கடிதத்தின் பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் பெற்று வையுங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குடும்பத் தலைவர் காணாமற்போன வீடுகளில் இந்த வேலை இன்னும் கடினம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வயற்காணியையும் மறக்கக்கூடாது. நீண்டகாலம் விடப்பட்ட வயல்கள் காடாகி, பின்னர் வனப்பகுதி எல்லைக்குள் அகப்பட்டதால் எழுந்த முறைப்பாடுகள் எமது மாவட்டத்தில் பல. கமநல சேவை நிலையத்தின் வயற்காணிப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டைத் திருத்தியபின் வயல் இல்லை என்று அறிவதைவிட, முன்னரே அறிவது மேல்.

மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை

காணி உரிமை தெளிவானால், அந்த இடத்தில் குடும்பம் பிழைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்ய முடியாது. கார்த்திகை மார்கழியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை என இருமுறை பாருங்கள்.

மாரியில் பார்க்க வேண்டியவை இவை: வளவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது? வீட்டுப் படிவரை வருகிறதா? பாதை துண்டிக்கப்படுகிறதா? நோயாளி ஒருவரை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி உண்டா? 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எமது மாவட்டக் கரையைத்தான் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் மழையோடு மகாவலி பெருகி மூதூர், சேருவில பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்பதை அயலவரிடம் கேட்டு, சுவரிலோ மரத்திலோ குறியிட்டு வையுங்கள். திருத்தினாலும் புதிதாகக் கட்டினாலும் தரைமட்டம் அந்தக் குறிக்கு மேலே இருக்க வேண்டும். அது முடியாதென்றால், அதே காணியில் மேடான பக்கத்துக்கு வீட்டை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். வேறிடம் போவது என்றால் ஊரைவிட்டே போவது என்றுதான் பொருளல்ல. சில வேளைகளில் நூறு அடி தள்ளிப் போவதே போதுமானது.

கோடையில் கிணற்றைப் பாருங்கள். இறைத்துத் துப்புரவாக்கியபின் ஊற்று வருகிறதா? தண்ணீர் உவர்க்கிறதா? பாழடைந்த கிணற்றைத் துப்புரவு செய்யுமுன் வெடிபொருள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நச்சுக்காற்றும் இருக்கக்கூடும், ஆகவே ஒருவர் தனியாக இறங்கக்கூடாது. துப்புரவுக்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்டு, மீண்டும் இறைத்த பின்னரே குடிக்கலாம். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் தூரம் இன்னும் கூடினால் நல்லது.

குளமும் வாய்க்காலும் திருத்தப்பட்டுள்ளனவா, பெரும்போகத்துக்கு மட்டும் தண்ணீரா, சிறுபோகத்துக்கும் உண்டா என்பதை விவசாயிகள் சங்கத்தில் கேளுங்கள். யானை வரும் பாதை எது என்றும் கேளுங்கள். எத்தனை குடும்பங்கள் திரும்புகின்றன என்பதும் முக்கியம். பத்து வீட்டில் விளக்கெரியும் ஒழுங்கையில் வாழ்வதும், தனி ஒரு வீடாக வாழ்வதும் ஒன்றல்ல.

வீட்டைச் சோதிக்கும் முறை

இப்போது சுவருக்கு வருவோம். அனுபவமுள்ள மேசன் ஒருவரையும், முடிந்தால் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அழைத்துச் செல்லுங்கள். கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

அத்திவாரம்: ஒரு மூலையில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். கல்லும் சாந்தும் இறுக்கமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலும், ஆல், அரசு போன்ற மரங்களின் வேர் உள்ளே புகுந்திருந்தாலும் திருத்துவது வீண் செலவாகலாம்.

சுவர்: பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்பு பயப்படத்தக்கதல்ல. மூலையிலிருந்து படிப்படியாகச் சரிந்து ஏறும் வெடிப்பு, கைவிரல் நுழையும் வெடிப்பு, சுவரின் இரு பக்கமும் தெரியும் வெடிப்பு ஆகியவை அத்திவாரம் அசைந்ததைக் காட்டும். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் சாய்ந்துள்ளதா என்று பாருங்கள். தீப்பிடித்த வீட்டில் சாந்தை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தச் சுவரில் கூரையை ஏற்றக்கூடாது.

கொங்கிறீற்: தூண், யன்னலுக்கு மேலுள்ள பீம் ஆகியவற்றில் துருக்கறையும் வெடிப்பும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கிறது. கடற்கரை ஊர்களில் இது அதிகம். மேலே பூசி மறைத்தால் துரு நிற்காது.

மரமும் கூரையும்: வளையையும் சலாகையையும் கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் கறையான் தின்றுவிட்டது. பனை வளை நல்லதாக இருந்தால் பத்திரப்படுத்துங்கள், இன்று அது கிடைப்பது அரிது. உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடுகளை நொறுக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத்தகடாக இறக்குங்கள்.

பாதிக் கணக்கு

சோதித்து முடிந்ததும் திருத்தச் செலவை எழுதுங்கள். அதே அளவான எளிய புதுவீட்டின் செலவையும் எழுதுங்கள். கட்டடக்காரர் கைக்கொள்ளும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: திருத்தச் செலவு புதுவீட்டுச் செலவில் பாதிக்குக் கீழ் என்றால் திருத்தலாம், பாதியைத் தாண்டினால் புதிதாகக் கட்டுவதே நல்லது. 2012 முதல் வடக்கு கிழக்கில் நடைமுறைக்கு வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதுவீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்துவதற்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. அதுவும் ஏறக்குறைய இந்தக் கணக்கே. 2022இன் விலையேற்றத்துக்குப் பின் அத்தொகைகள் இன்றைய செலவுக்குப் பொருந்தா. ஆனால் விகிதம் இன்னும் பயன்படும்.

வீட்டுத்திட்ட உதவி கிடைக்கும் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். உதவிப்பணம் கட்டம் கட்டமாக, முடிந்த வேலையைப் பார்த்தே தரப்படும். பணத்துக்கு மேல் பெரிதாக அத்திவாரம் போட்டு, நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, கடைசியில் கூரையில்லாமல் நின்ற வீடுகளை எமது கிராமங்களில் எல்லோரும் கண்டிருக்கிறோம். சிறிதாகக் கட்டுங்கள், பின்னர் கூட்டிக் கட்ட இடம் விடுங்கள். விதைநெல்லுக்கும் பசளைக்கும் உரிய பணத்தை எக்காரணத்துக்காகவும் சுவரில் போடாதீர்கள். வீடு ஓர் ஆண்டு காத்திருக்கும். போகம் காத்திராது.

வேறிடம் போவதென்றால்

வேறிடம் போவது தோல்வியல்ல. கிணறு உவர்நீராகிவிட்டது, வெள்ளம் ஆண்டுதோறும் புகுகிறது, அயலவர் எவரும் திரும்பவில்லை, பிள்ளைகள் வேறூரில் வேரூன்றிவிட்டார்கள் என்றால் போவதே நியாயமாகலாம். ஆனால் போகுமிடத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். பட்டினத்தை அண்டி விலை குறைவாகக் கிடைக்கும் துண்டுக்காணி பெரும்பாலும் பள்ளக்காணியாகவோ, களப்போரத்து ஒதுக்கீட்டுக் காணியாகவோ இருக்கும். முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். தொழில் என்ன என்பதையும் கேளுங்கள். துறைமுகத்தையும் சீனக்குடாவையும் சுற்றி ஆலைகள் உண்டு, ஆனால் மண்வெட்டி பிடித்துப் பழகிய எல்லோருக்கும் அங்கே நிரந்தர வேலை கிடைக்காது. முன்னைய காலத்தில் மூதூரார் லோஞ்சில் பட்டினம் வந்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது, மூதூர்ப் பாதையின் மற்றப் பாலங்களும் பின்னர் கட்டப்பட்டன. எனவே பிள்ளையின் படிப்புக்காக மட்டும் ஊரை விட வேண்டுமா என்பதைப் புதிதாக யோசிக்கலாம்.

வேறிடம் போனாலும் பழைய காணியை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். எல்லையிலே கதிகால் நடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது துப்புரவாக்குங்கள். இரண்டு தென்னம்பிள்ளையாவது வையுங்கள். அயலவருக்கு உங்கள் விலாசம் தெரிந்திருக்கட்டும்.

இரண்டுக்கும் இடையில் ஒரு வழியும் உண்டு. முழு வீட்டையும் உடனே திருத்தாமல், ஓர் அறையையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் மட்டும் சரிசெய்து, ஒரு பெரும்போகம் அங்கே இருந்து பாருங்கள். பிள்ளைகள் படிப்புக்காக உறவினர் வீட்டில் தங்கலாம். அறுவடை முடிந்ததும் குடும்பமாகக் கூடி முடிவெடுங்கள். அப்போது கையில் நெல்லும் இருக்கும், அனுபவமும் இருக்கும்.

யார் முடிவெடுப்பது?

கிழக்கில் வீடு வளவைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். அப்படியிருக்க, அலுவலகப் படிவங்களில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கணவனின் பெயரே எழுதப்படுகிறது. உதவிப்பணமும் வீடும் யாருடைய பெயரில் வருகின்றன என்பதைப் படிவத்தில் கையொப்பமிடுமுன் பாருங்கள். மனைவியின் காணியில் கட்டும் வீடு மனைவியின் உரிமையோடு ஒத்துப்போக வேண்டும். எந்த மகளுக்கு எந்த வளவு என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். பிற்காலத்து வழக்குகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

தண்ணீர் சுமப்பவர் யார், இருட்டில் மலசலகூடத்துக்குப் போகப் பயப்படுபவர் யார், பள்ளிக்கு நடப்பவர் யார் என்று பார்த்து, அவர்களை முதலில் பேச விடுங்கள். பெரியவர்கள் ஊரைப் பற்றிச் சொல்வதையும் கேளுங்கள். எந்த மாரியில் எங்கே வெள்ளம் நின்றது, பழைய எல்லைக்கல் எங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு குடும்பம் திருத்த முடிவெடுக்கலாம், இன்னொரு குடும்பம் போக முடிவெடுக்கலாம். இரண்டும் சரியாக இருக்க முடியும். அடுத்த கிழமை பிரதேச செயலகத்தின் பொதுமக்கள் தினத்தில், கையிலுள்ள கடதாசிகளையெல்லாம் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு போய், உங்கள் காணி எந்த வகை, யாருடைய பெயரில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். மேசனை அழைப்பது அதற்குப் பிறகு ஆகட்டும்.